நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவே

நின்னுடுச்சு. அப்பாடா. ஒரு குலுக்கு, ஒரு முனகல், மேல இருந்த விளக்கு ரெண்டு தடவை கண்ணடிச்சிட்டு அணைஞ்சது, ஃபேன் சுத்தறது நின்னது, லிஃப்டும் நின்னுடுச்சு. ஒரு மனுஷன் பதறணும், கதவைத் தட்டணும், நான் என்னடான்னா அப்பாடான்னு மூச்சு விட்டுக்கிட்டு நிக்கறேன். சிங்காரவேலு, வெக்கமா இல்லையாடா உனக்கு? அஞ்சாம் மாடிக்குப் போகணும், பரஞ்சோதி வீட்டு மணியை அடிக்கணும், அவர் சிரிச்சுக்கிட்டே கதவைத் திறப்பாரு, உள்ள போய் உக்காந்து தண்ணி குடிச்சு, தொண்டையைக் கனைச்சு, எங்க பொண்ணுக்கு உங்க பையனைக் கட்டிக்க இஷ்டமில்லை, நிச்சயப் புடவையும் மோதிரமும் இந்தாங்கன்னு சொல்லணும். சொல்லிட்டு உயிரோட திரும்பி வரணும். உறையூர்லேருந்து தில்லைநகர் வரைக்கும் ஆட்டோல வரும்போது இதைத்தான் வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே வந்தேன், ஆட்டோக்காரன் ரெண்டு தடவை திரும்பிப் பாத்தான். இப்ப நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கரண்டு போயிடுச்சு, நான் என்ன பண்ண முடியும், என் தப்பா? நடக்கப் போறதை இந்த மின்சாரம்தான் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கு, அது நல்லா இருக்கட்டும். கையில ஜவுளிக்கடைப் பை. பையைப் பத்தியே காலையில வீட்ல பெரிய பஞ்சாயத்து. விசாலாட்சி புடவையை எடுத்துத் தாம்பாளத்துல வெச்சா, பழக்கதோஷத்துல மேல ரெண்டு வெத்தலையும் வெச்சுட்டா, அப்புறம் அவளே ஐயோன்னு எடுத்தா. தட்டுல வெச்சுக் கொடுத்தா சுபகாரியம் ஆயிடும், வெறும் பையில கொடுத்தா அவங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும், என்னங்க பண்றதுன்னு என்னைக் கேட்டா. தட்டு மாத்திக்கறதுக்கு ஆயிரம் முறை வெச்சிருக்காங்க, மாத்தின தட்டைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தனும் ஒரு முறையும் எழுதி வைக்கல. ஃபோன்ல சொல்லிடறேனேன்னு நான் மெல்ல இழுத்தேன். ஃபோன்ல சொன்னா அது மனுஷத்தனமாங்க, நேர்ல போங்க, அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்த மனுஷன்னா அவ. சரின்னு கிளம்பினேன். விசாலாட்சி, பாரு, நேர்லதான் வந்திருக்கேன், முக்கால்வாசி வந்துட்டேன்.

இருட்டுன்னா முழு இருட்டு இல்ல, கதவு இடுக்குல ஒரு கோடு வெளிச்சம். கண்ணாடில என் உருவம் மங்கலா நிக்குது. லிஃப்ட்ல கண்ணாடி எதுக்கு வெச்சாங்க தெரியுமா, லிஃப்ட் மெதுவாப் போகுதுன்னு ஜனங்க புகார் சொன்னாங்களாம், முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தா நேரம் போறது தெரியாதுன்னு மாட்டினாங்களாம், அப்படி ஒரு கதை, ஆதாரம் கிடையாது, ஆதாரம் இல்லாததை நான் ஆதாரம் இல்லைன்னுதான் சொல்வேன், அந்த விஷயத்துல நான் கண்டிப்பு. ஆனா ரோமாபுரில கொலோசியத்துக்கு அடியிலேருந்து சிங்கத்தையும் கரடியையும் மேல தூக்கிக்கிட்டு வர மரப்பெட்டி வெச்சிருந்தாங்க, அடிமைங்க சக்கரத்தைச் சுத்துவாங்க, பெட்டி மேல வரும், கதவு திறக்கும், சிங்கம் வெளிய பாயும், அது நிஜம். நான் சிங்கமா, சிங்கத்துக்குப் போடற ஆளா? பேரு சிங்னு ஆரம்பிச்சா மட்டும் சிங்கம் ஆயிடுமா. கழுத்துல வேர்வை வழியுது. சர்க்கரை மாத்திரை போட்டேனா காலையில? போட்டேன். சாப்பிட்டேனா? ரெண்டு இட்லி. "சார்! உள்ள யாரு சார்?" கீழேருந்து ஒரு குரல், வாட்ச்மேன். நான்தாம்ப்பான்னேன். நான்தான்னா அவனுக்கு என்ன தெரியும்? உறையூர்லேருந்து அஞ்சாம் மாடி பரஞ்சோதி சாரைப் பாக்க வந்தவன்ப்பான்னேன். "பதறாதீங்க சார், கரண்டு போயிருக்கு. ஜெனரேட்டர் போடலாம்னா டீசல் இல்ல. அசோசியேஷன்ல சொன்னா அவங்க இவங்களைச் சொல்றாங்க, இவங்க அவங்களைச் சொல்றாங்க, நான் என்ன சார் பண்ணட்டும்?" எவ்வளவு நேரம் ஆகும்பான்னு கேட்டேன். "வந்தா வந்துடும் சார்!" அட, என்ன பதில் பாருங்க. எனக்கு அவனைக் கட்டிக்கணும் போல இருந்துச்சு. வராம இருந்தாலும் பரவாயில்லைப்பா. திடீர்னு எங்கேயோ மேல ஒரு டொக்னு சத்தம், கயிறு, கயிறு அறுந்தா? அறுந்தா என்ன, பிரேக் இருக்குடா முட்டாள். ஓட்டிஸ்னு ஒரு ஆளு, லிஃப்டை அவர் கண்டுபிடிக்கல, எல்லாரும் தப்பாச் சொல்வாங்க, அவர் கண்டுபிடிச்சது விழாம இருக்கற பிரேக்கைத்தான். நியூயார்க் பொருட்காட்சில ஜனங்க முன்னாடி உசரத்துல பலகை மேல நின்னுக்கிட்டு, கயித்தை வெட்டுங்கடான்னாரு. வெட்டினாங்க. பலகை கொஞ்சம் இறங்கி, டக்னு நின்னுடுச்சு. ஜனங்க வாயைப் பொளந்துட்டாங்க. அன்னிலேருந்துதான் உலகத்துல மாடி மேல மாடி வந்தது. பயம் வரும்போது எனக்கு இப்படித்தான், ஒரு தகவலைப் பிடிச்சுத் தொங்குவேன். எங்கம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்தப்ப வராந்தால நின்னுக்கிட்டு டாக்டர்கிட்ட ஸ்டெதஸ்கோப் எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லிக்கிட்டிருந்தேன், அவர் என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

இந்தக் கல்யாணம் ஆரம்பிச்சதே அப்படித்தானே. பொண்ணு பாக்க வந்தாங்க, பரஞ்சோதியும் அவர் பையன் கபிலனும் மட்டும், கூட்டம் கூட்டி வரல, அதுவே எனக்குப் பிடிச்சுது. விசாலாட்சி கேசரியும் பஜ்ஜியும் வெச்சா. மிளகா பஜ்ஜியை ஒரு கடி கடிச்சிட்டு அந்த மனுஷன் சொன்னாரு, "பாருங்க சார், போர்த்துகீசியக்காரன் வராம இருந்தா இந்த மிளகாயே நமக்குக் கிடையாது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முப்பது வருஷமா டெலிஃபோன் ஆபீஸ்ல வேலை பாத்தேன், நான் வாயைத் திறந்தா ஜனங்க டீ குடிக்க எழுந்து போயிடுவாங்க, இங்க ஒருத்தர் என் வீட்டுக் கூடத்துல உக்காந்து என் வரியைச் சொல்றாரு! உருளைக்கிழங்கும் அவனோடதுதான் சார், பஜ்ஜித் தட்டுல ரொம்ப காலமா நம்ம கூடவே இருக்கறவன் வாழைக்காய் ஒருத்தன்தான்னேன் நான். ஆமா சார், அந்த ஜன்னலும் அவன் வார்த்தைன்னாரு அவர். சாவியும்தான்னேன். மேஜைன்னாரு. அலமாரின்னேன். நாங்க ரெண்டு பேரும் வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்து ஒவ்வொரு சாமானா போர்த்துகீசியனுக்குத் திருப்பிக் கொடுத்தோம். பொன்மலை ரயில் பட்டறைல இருந்து ரிட்டயர் ஆனவர், சம்சாரம் போய் பதினஞ்சு வருஷம், பையன் ஓசூர்ல, சாயங்காலம் பேச ஆள் கிடையாது. எனக்கு ஆள் இருந்தும் கேக்க ஆள் கிடையாது. ஹலோங்கற வார்த்தை எடிசன் பிரபலப்படுத்தினது, டெலிஃபோனைக் கண்டுபிடிச்சவருக்குக் கப்பல்காரங்க கூப்பிடற மாதிரி அஹாய்னு சொல்லணும்னு ஆசைன்னு நான் சொன்னப்ப, அவர் தொடையைத் தட்டிக்கிட்டு, இது எனக்குத் தெரியாதே சார்னாரு. தெரியாதேன்னு ஒருத்தர் என்கிட்ட சந்தோஷமாச் சொன்னது வாழ்க்கைல அதான் முதல் தடவை. போகும்போது வாசல்ல அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்ப என்ன சம்பந்தி, நல்ல நாள் பாத்துடலாமான்னாரு, நானும் பாத்துடலாம் சம்பந்தின்னுட்டேன். சொல்லிட்டுத் திரும்பினா எங்க பொண்ணு தேன்மொழி காலித் தட்டுங்களை எடுத்துக்கிட்டு உள்ள போறா. அவளும் அந்தப் பையனும் அத்தனை நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல. இருந்தாங்க. பஜ்ஜி சாப்பிட்டாங்க போல. உலகத்துல எவனாவது இப்படிச் சம்பந்தம் பேசுவானா? ஜாதகம் பாத்துப் பண்ணுவான், நிலபுலன் பாத்துப் பண்ணுவான், பஜ்ஜில மிளகா எங்கேருந்து வந்துச்சுன்னு பேசிப் பண்ணினவன் நான் ஒருத்தன்தான்.

முந்தாநாள் சாயங்காலம் தேனு என் நாற்காலி பக்கத்துல வந்து நின்னா. "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா." விரல்ல அந்த மோதிரத்தைச் சுத்திக்கிட்டே இருந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நினைச்சா இப்பவும் காது சுடுது. மோதிரத்தை ஏன் நாலாவது விரல்ல போடறாங்க தெரியுமாம்மா, அந்த விரல்லேருந்து நேரா இதயத்துக்கு ஒரு ரத்தக்குழாய் போகுதுன்னு அந்தக் காலத்துல நம்பினாங்க, அப்படி ஒண்ணும் கிடையாது, எல்லா விரலும் ஒண்ணுதான், ரோமாபுரில நிச்சயத்துக்கு இரும்பு மோதிரம்... அவ நின்னு கேட்டா. முழுசாக் கேட்டா, பாவி, முழுசாக் கேட்டா. முடிஞ்சதும், "அப்பா, நான் ஒண்ணு சொன்னேன்ப்பா"ன்னா. அவ்வளவுதான். கோபம் கூட இல்ல. கோபமா இருந்திருந்தா நானும் ஒரு சத்தம் போட்டுத் தப்பிச்சிருப்பேன். ஏம்மான்னேன். தெரியலைப்பான்னா. பையன்கிட்ட ஏதாவது குறையா? இல்ல. வேற யாராவது மனசுல? இல்லப்பா. மேல படிக்கணுமா? இல்ல. அப்ப ஏன்? வேண்டாம், அவ்வளவுதான்ப்பா. எனக்கு அது புரியவே இல்ல. தகர டப்பாவைக் கண்டுபிடிச்சு அரை நூற்றாண்டுக்கு அப்புறம்தான் டப்பா திறக்கற கருவி வந்துச்சு, அது வரைக்கும் உளியும் சுத்தியலும் வெச்சு உடைச்சிருக்காங்க, அதுக்குக் கூட ஒரு காரணம் இருக்கு, ஆரம்பத்துல டப்பா அவ்வளவு தடிமன். ஊசிக்கு, சீப்புக்கு, பொத்தானுக்கு, தீக்குச்சிக்கு, எது எங்கேருந்து எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா நான் சொல்வேன். என் பொண்ணு வாயிலேருந்து வந்த ஒரு வேண்டாம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ராத்திரி முழுக்க விசாலாட்சியைத் தூங்க விடாம ஏன் ஏன்னு கேட்டேன். கடைசில அவ சொன்னா, "உங்களைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஏன் இருக்கேன்னு கேட்டா எனக்கும்தான் காரணம் தெரியாது. தெரிஞ்சாதான் இருப்பேனா? படுங்க." இருபத்தாறு வயசுப் பொண்ணு பிடிக்காத வீட்டுக்குப் போய் இருக்கணும், தை மாசம் தாலி ஏறிடும், அப்புறம் எந்த மொழிலேருந்து எந்த வார்த்தை வந்தா அவளுக்கு என்ன? நான் இங்க கரண்டு வரவேண்டாம்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன். நல்ல அப்பன்.

தலைக்கு மேல தடதடன்னு செருப்புச் சத்தம். அஞ்சாம் மாடிக் கதவை யாரோ உள்ளங்கையால தட்டறாங்க. "சம்பந்தி! சம்பந்தி, உள்ள நீங்களா இருக்கீங்க?" பரஞ்சோதி குரல். "உறையூர் சார்னு வாட்ச்மேன் சொன்னான், நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. வரேன்னு ஒரு ஃபோன் போடக் கூடாதா? பால் கூட வாங்கி வைக்கல." நான்தான்னு சொல்லணும். சம்பந்தின்னு கூப்பிட்டா பதிலுக்கு நானும் சம்பந்தின்னு கூப்பிடணும். அந்த வார்த்தைக்கு வாய் வரல, நான்தான் சார்னேன். சாருன்னு சொன்னது அவர் காதுல விழலை போல. "பயந்துடாதீங்க சம்பந்தி. உங்களுக்குத் தெரியாததா, நம்ம ஓட்டிஸ் ஐயா பிரேக்கு போட்டு வெச்சிருக்காரு, கீழ விழாது. கயித்தை வெட்டச் சொன்னாரே, அந்தக் கதையை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. உக்காந்துக்குங்க. சர்க்கரைக்கு ஏதாவது பையில இருக்கா?" பையில உங்க மோதிரம்தான் சார் இருக்கு. வாசல்ல தரையிலேயே உக்காந்துட்டாரு போல, குரல் கீழ இறங்கி, கிட்ட கேட்டுச்சு. "பேசிக்கிட்டே இருப்போம், நேரம் போயிடும். டெலிஃபோன்ல தானா லைன் மாத்தற எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடிச்சது யாரு சொல்லுங்க பாக்கலாம், சவ அடக்கம் பண்ற தொழில் பாத்தவரு, சரியா? வர்ற ஃபோனையெல்லாம் ஆபரேட்டரம்மா போட்டிக்காரனுக்குத் திருப்பி விடறாங்கன்னு கோபத்துல பண்ணினாராம்." அதுவும் நான் சொன்னதுதான். நான் சொன்னதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்காரு, ஒண்ணு விடாம. எனக்குப் பயமா இருக்கும்னு என் தகவலையே எனக்கு எடுத்து ஊட்டறாரு மனுஷன். இவரை இழக்கப் போறேன். பொண்ணு கல்யாணம் நின்னா நிக்கட்டும், தினம் சாயங்காலம் ஃபோன் பண்றவர் நாளைக்குப் பண்ண மாட்டாரு, அதுதான்டா உன் பயம், ஒத்துக்கோ, அந்த ஆட்டோல முணுமுணுத்ததெல்லாம் அதுக்குத்தான். என் பேச்சுக்கு ஒரு காது வேணும்னு என் பொண்ணை அனுப்பி வெக்கறதா? சீ. கதவு மூடியிருக்கு. முகம் தெரியல. இப்பச் சொல்லலைன்னா அந்தக் கதவு திறந்து அவர் சிரிப்பைப் பாத்தப்புறம் செத்தாலும் சொல்ல மாட்டேன். "பரஞ்சோதி சார்." "சொல்லுங்க சம்பந்தி." "தேனுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லை சார். புடவையும் மோதிரமும் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிட்டேன். என் வாயா சொல்லுச்சு? முன்னாடி ஒரு தகவல் இல்ல, பின்னாடி ஒரு தகவல் இல்ல. மேல சத்தமே இல்ல. எழுந்து போயிட்டாரா? போனா செருப்புச் சத்தம் கேட்டிருக்குமே. ஆனா மூட்டையைத் தோள்லேருந்து போட்ட மாதிரி பாரம் இறங்கிடுச்சு. கோபப்படட்டும். திட்டட்டும். நிச்சயம் பண்ணி ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, திட்டாம என்ன பண்ணுவாரு. அப்புறம் குரல் வந்துச்சு. "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" ஐயோ. இல்லவே இல்ல சார்னேன். "கபிலன் ஏதாவது...?" அவனும் இல்ல சார், தங்கமான பையன். "அப்ப ஏன் சார்?" சார்னுட்டாரு. குத்துச்சு, ஆனா அதுதான் சரி. தெரியல சார், அவளுக்கும் தெரியலயாம், வேண்டாம்ங்கறா, அவ்வளவுதான், நாம ரெண்டு பேரும் பேசினோமே தவிர அவங்களைக் கேக்கவே இல்லையே சார்னேன். அப்புறம் ஃபோன் பட்டனை அழுத்தற சத்தம், ஸ்பீக்கர்ல போட்டிருக்காரு, ரிங் போறது எனக்கே கேக்குது. "என்னப்பா, ஆபீஸ் நேரத்துல?" கபிலன். அந்தப் பையன் குரலை நான் ஒழுங்காக் கேக்கறதே இப்பத்தான். "டேய், ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உனக்கு தேன்மொழியைப் பிடிச்சிருந்துதா?" "பிடிச்சிருந்துதுப்பா." நான் லிஃப்ட் சுவத்துல சாஞ்சுட்டேன். "ஆனா அவங்களுக்குப் பிடிக்கலைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்ப்பா. அவங்க கேசரியை ஸ்பூனால இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தாங்க, ஒரு வாய் சாப்பிடல. சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்களும் அந்த சாரும் பேசிக்கிட்டே இருந்தீங்களா, நடுவுல எடமே கிடைக்கல. அப்புறம் வீட்டுக்கு வந்தும் நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. அம்மா போனதுக்கப்புறம் நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாக்கலையா, விட்டுட்டேன். என்னப்பா ஆச்சு, வேண்டாம்னுட்டாங்களா?" ஆமாண்டான்னாரு. "பரவால்லப்பா. அவங்களைத் திட்டிடாதீங்க. அந்த சார்கிட்டயும் கோவிச்சுக்காதீங்க."

பட்டுனு விளக்கு வந்துச்சு, ஃபேன் சுத்துச்சு, கண் கூசுது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிட்டு, இருந்த அரை மாடியையும் ஏறி, கதவு திறந்துக்கிச்சு. பரஞ்சோதி தரையிலேருந்து எழுந்திருக்க முடியாம முட்டியைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரு. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். பையை நீட்டினேன், தட்டு இல்ல, வெத்தலை இல்ல, மன்னிச்சுக்கங்கன்னேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. "உள்ள வாங்க. பால் இல்ல, கடுங்காப்பி போடறேன்." இன்னிக்கு வேண்டாம் சார்னேன். "அப்ப என்னிக்கு?" முகத்தைப் பாத்தேன், கண் சிவந்திருந்துச்சு, ஆனா நிஜமாத்தான் கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை வரேன்னேன். படியிலேயே இறங்கினேன். மூணாம் மாடித் திருப்பத்துல நின்னு தேனுக்கு ஃபோன் போட்டேன், முதல் ரிங்லயே எடுத்தா, காத்துக்கிட்டிருந்திருக்கா. சொல்லிட்டேம்மான்னேன். "கோவிச்சுக்கிட்டாங்களாப்பா?" இல்லம்மா. "அவரு?" கபிலனுக்கு உன்னைப் பிடிச்சிருந்துதாம், உனக்குப் பிடிக்கலைன்னும் அன்னிக்கே தெரியுமாம், நீ கேசரி சாப்பிடாததைப் பாத்தானாம், உன்னைத் திட்டக் கூடாதுன்னு சொன்னான்னு ஒண்ணையும் மறைக்காமச் சொன்னேன். "நல்லவரா இருக்காரு, இல்லப்பா?" ஆமாம்மா. "இருந்தாலும் வேண்டாம்ப்பா." வேண்டாம்னா வேண்டாம்தான்மான்னேன். அந்தப் பக்கம் அவ அழ ஆரம்பிச்சா, பயந்து அழற அழுகை இல்ல, அது எனக்குத் தெரியும். அவ அழுது முடிக்கற வரைக்கும் ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு நான் வாயைத் திறக்காம படியிலேயே உக்காந்திருந்தேன்.